குளியலறைக் கழிவுக்குழாயில் காற்றுக்கு என்ன வேலை?

சென்னையில் நாங்கள் குடியிருக்கும் நான்கு மாடி அடுக்ககத்தின் இரண்டாம் மாடிக் குளியலறையில், ஷவருக்குக் கீழே பதித்திருந்த எவர்சில்வர் ஜாலியைக் கழற்றி வைத்துவிட்டு, கைபேசி வெளிச்சத்தில் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். அரைச்சாண் ஆழத்தில் தண்ணீர் அசையாமல் நின்றது. மேல்வீட்டில் யாரோ வாளித் தண்ணீரை மொத்தமாகக் கொட்டிய சத்தம், குழாய்கள் இறங்கும் இடைவெளியான டக்டுக்குள் இறங்கிச் சென்ற அதே நொடியில், அந்தத் தண்ணீர் சட்டென்று உள்வாங்கியது. ‘களக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு மட்டம் திரும்பி வந்தது, ஆனால் முன்பிருந்த அளவுக்கு வரவில்லை. பினாயில், ஆசிட், வாசனை உருண்டை என்று மாதக்கணக்கில் எதையெதையோ போட்டும் போகாத சாக்கடை நாற்றத்தின் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடைப்பு எதுவும் இல்லை, தண்ணீர் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது; குழாய்க்குள் காற்றுதான் போதவில்லை.

குளியலறைக் கழிவுநீரைப் பற்றி வீடு கட்டுகிறவர்கள் பேசும்போது, பேச்சு பெரும்பாலும் குழாயின் வாட்டத்தையும், அதாவது சரிவையும், அடைப்பையும் சுற்றியே நடக்கிறது. தண்ணீர் தேங்காமல் ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று கொத்தனாரும் நினைக்கிறார், வீட்டுக்காரரும் நினைக்கிறார். ஆனால் கழிவுக்குழாய் என்பது தண்ணீர் மட்டும் போகும் பாதை அன்று. தண்ணீர் இறங்கும் ஒவ்வொரு முறையும் அதனுடன் காற்றும் இழுபட்டு இறங்குகிறது, அந்தக் காற்றுக்கு மேலிருந்து ஈடு கிடைக்காவிட்டால் அது வீட்டுக்குள்ளிருந்து வழி தேடிக்கொள்கிறது. குளியலறை நாற்றத்தில் பெரும்பகுதி தண்ணீர்ப் பிரச்சினை அன்று, காற்றுப் பிரச்சினை என்பதுதான் நான் இங்கே விளக்க முனைவது.

நம் பழைய வீடுகளில் இந்தச் சிக்கல் எழவில்லை. குளிக்கும் இடம் புழக்கடையில், கிணற்றடியில் இருந்தது. தென் மாவட்டங்களில் அங்கணக்குழி என்றும் வேறு இடங்களில் ஜலதாரை என்றும் சொல்லப்பட்ட அந்தத் திறந்த வழியாக வெளியேறிய தண்ணீர், வாழைக்கும் கல்வாழைக்கும் பாய்ந்தது. இரண்டு முனையும் வானத்தைப் பார்த்திருந்ததால் நாற்றம் அடைபட்டுக் கிடக்க இடமே இல்லை. குளியலறை படுக்கையறைக்குப் பக்கத்தில் வந்து, அதன் குழாய் பாதாளச் சாக்கடையோடோ செப்டிக் தொட்டியோடோ நேராக இணைந்த பிறகுதான், தண்ணீரை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஒரு கதவு தேவைப்பட்டது.

அந்தக் கதவைத் தண்ணீராலேயே செய்யலாம் என்பது பழைய, அழகான யோசனை. லண்டனில் கடிகாரம் செய்துவந்த ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் கம்மிங், கழிப்பறைக் கோப்பைக்குக் கீழே பாம்பு போல் வளைந்த குழாயை வைத்து 1775ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ட்ராப் எனப்படும் அந்த வளைவின் பள்ளத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். புதிதாக வரும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போகும், ஆனால் மறுபக்கத்து நாற்றக் காற்றால் அதைத் தாண்டி வர முடியாது. இன்று வாஷ்பேசினுக்குக் கீழே உள்ள பாட்டில் ட்ராப், தரையில் பதிக்கும் நஹானி ட்ராப், வெளியே சேம்பர் என்ற கழிவுநீர்த் தொட்டிக்கு முன்னால் வைக்கும் கல்லி ட்ராப் ஆகிய எல்லாம் அந்த ஒரே யோசனையின் பிள்ளைகள்தான். அசையும் உறுப்பு எதுவும் இல்லாததால் தேய்வதில்லை, துருப்பிடிப்பதில்லை.

ஆனால் அந்தக் கதவு மிக மெல்லியது. நம் நாட்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு ட்ராப்பில் நிற்க வேண்டிய நீரின் ஆழத்தை, அதாவது வாட்டர் சீலை, குறைந்தது 50 மில்லிமீட்டர் என்று சொல்கிறது. அமெரிக்க விதிகளும் ஏறக்குறைய அதையே, 2 அங்குலம் என்று சொல்கின்றன. 50 மில்லிமீட்டர் தண்ணீர் தாங்கக்கூடிய அழுத்த வேறுபாடு சுமார் 490 பாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் அது 200இல் ஒரு பங்குக்கும் குறைவு. குளிர்பானத்தை ஸ்ட்ரா வழியாக நான்கு விரற்கடை உயரம் இழுக்கும்போது வாயால் நாம் உண்டாக்கும் உறிஞ்சலே அதைவிட அதிகம். இவ்வளவு சிறிய தாங்குதிறனை நம்பித்தான் வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவில் எல்லை போட்டிருக்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அடுத்து வருவது எளிதில் விளங்கும்.

மேல்மாடியிலிருந்து நிலைக்குழாயில், அதாவது எல்லா மாடிக்கும் பொதுவாகச் செங்குத்தாக இறங்கும் குழாயில், விழும் தண்ணீர், நாம் நினைப்பதுபோல் குழாயை அடைத்துக்கொண்டு கட்டியாக விழுவதில்லை. சரியான அளவில் அமைந்த குழாயில் அது உட்சுவரை ஒட்டி ஒரு வளையமாகப் பரவி இறங்குகிறது. நடுவில் காற்று நிற்கிறது. உயரம் கூடக்கூட வேகமும் கூடிக்கொண்டே போகும் என்பதும் சரியன்று. சுவரின் உராய்வால் 100 மில்லிமீட்டர் குழாயில் ஓரிரு மாடி உயரத்துக்குள்ளேயே வினாடிக்குச் சுமார் 3 முதல் 4.5 மீட்டர் என்ற அளவில் வேகம் நிலைபெற்றுவிடுகிறது. இருபது மாடியிலிருந்து விழும் தண்ணீர் கீழ் வளைவை உடைத்துவிடும் என்ற பயத்தில் நடுநடுவே தேவையில்லாத வளைவுகளை வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வளைவுகள்தான் பிற்பாடு அடைப்புக்கு இடமாகின்றன.

இறங்கும் வளையம் நடுவிலுள்ள காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. இதனால் குழாயின் மேல்பகுதியில் காற்று குறைந்து உறிஞ்சல் ஏற்படுகிறது. அடியில், செங்குத்துக் குழாய் திரும்பித் தரைக்குக் கீழே படுக்கும் வளைவில், தண்ணீர் வேகம் இழந்து திரைபோல் மூடிக்கொள்வதால் காற்று சிக்கி அழுத்தம் கூடுகிறது. மேல்வீடுகளில் ட்ராப் தண்ணீர் உறிஞ்சப்படுவதும், தரைத்தள வீட்டில் அதே தண்ணீர் கொப்பளித்து மேலே வருவதும் ஒரே நிகழ்வின் இரண்டு முனைகள். மாடியில் வாஷிங் மெஷின் ஓடும்போது கீழ்வீட்டுக் குளியலறை ஜாலி வழியாகச் சோப்பு நுரை பொங்கி வருவதைப் பலர் அடைப்பு என்று எண்ணி ஆள் கூப்பிடுகிறார்கள். அடைப்பாக இருக்கலாம், ஆனால் தரைத்தளக் குழாயையும் மேல்மாடிகளின் நிலைக்குழாயிலேயே அடிவளைவுக்கு அருகில் சேர்த்திருந்தால், அடைப்பே இல்லாமலும் இது நடக்கும். தரைத்தளத்துக்குத் தனிக்குழாய் போட்டு நேராகச் சேம்பருக்குக் கொண்டுபோவதே அதற்கான வழி.

உறிஞ்சலின் கணக்கு இன்னும் கவனிக்கத் தக்கது. குழாய்ப் பக்கம் 25 மில்லிமீட்டர் நீருக்குச் சமமான உறிஞ்சல் ஏற்பட்டால், ட்ராப்பின் அறைப்பக்க மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்குகிறது. அந்தத் தண்ணீர் மறுபக்கம் வழிந்துவிடுகிறது. உறிஞ்சல் நின்றதும் மீதித் தண்ணீர் இரண்டு பக்கமும் சமமாகப் பரவ, 50 மில்லிமீட்டர் சீல் சுமார் 37 மில்லிமீட்டராகிறது. அமெரிக்காவில் வழங்கும் சர்வதேசப் பிளம்பிங் விதித்தொகுப்பு, எந்த ட்ராப்பிலும் அழுத்த வேறுபாடு ஓர் அங்குல நீர் உயரத்தைத் தாண்டாதபடி வென்ட், அதாவது காற்றுக்குழாய், அமைக்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான். அந்த எல்லைக்குள் இருக்கும்வரை சீல் குறைந்தாலும் உடையாது. எல்லையைத் தாண்டி 50 மில்லிமீட்டரைத் தொட்டால் ‘களக்’ சத்தம் கேட்கும். அறையின் காற்று குழாய்க்குள் போகிறது என்று பொருள். அடுத்து ட்ராப்பில் நிற்பது பாதித் தண்ணீர்தான்.

வென்ட் குழாயின் முதல் வேலை இதைத் தடுப்பது. நாற்றத்தை மேலே கொண்டுபோய் வெளியே விடும் புகைபோக்கி என்றுதான் பெரும்பாலோர் அதை நினைக்கிறார்கள். அதுவும் உண்மையே, ஆனால் வெளியே விடுவதைவிட, இழுபட்டு இறங்கும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்றை உள்ளே எடுப்பதுதான் அதன் பெரிய பணி. நிலைக்குழாயையே மொட்டைமாடிக்கு மேல் நீட்டித் திறந்துவிடுவது எளிய வடிவம். உயரமான கட்டடங்களில் அதற்குப் பக்கத்திலேயே தனி வென்ட் குழாய் ஒன்றை ஏற்றி நடுநடுவே இரண்டையும் இணைக்கிறார்கள். நம் ஊர்ச் சிறிய அடுக்ககங்களில் கழிப்பறைக்கு ஒரு நிலைக்குழாயும் குளியல் நீருக்கு இன்னொன்றும் தனித்தனியாக இறங்கும் இரட்டைக்குழாய் முறையே நீண்டகாலமாக வழக்கத்தில் இருக்கிறது. குழாய்ச் செலவு அதிகம் என்றாலும் கழிப்பறையின் பெரிய ஓட்டம் ஷவரின் சிறிய ட்ராப்பைத் தொடாமல் காப்பதால், பழகிய கைகள் குறைந்த இடத்தில் நான் அதையே சிபாரிசு செய்வேன். கடையில் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எஸ்.டபிள்யூ.ஆர். (கழிப்பறைக் கழிவு, குளியல் கழிவு, மழைநீர்) பி.வி.சி. குழாய்களுக்கான ஐ.எஸ். 13592 என்ற இந்தியத் தரத்தில் ஏ வகை வென்ட்டுக்கும் மழைநீருக்கும் உரியது, பி வகைதான் கழிவுநீருக்கு உரியது. விலை குறைவு என்று ஏ வகையையே எல்லா இடத்துக்கும் போட்டுவிடுவது நடக்கிறது.

ட்ராப்பிலிருந்து வென்ட் எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்ற கேள்விக்கு அதே சர்வதேசப் பிளம்பிங் விதித்தொகுப்பு தரும் விடை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அந்த எண்ணுக்குள்ளேயே காரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் பாத்டப்புக்கு ஒன்றரை அங்குல ட்ராப் வழக்கம். அதற்கு 6 அடிக்குள் வென்ட் இருக்க வேண்டும். ஷவருக்கு வழக்கமான 2 அங்குல ட்ராப்புக்கு 8 அடிக்குள். கழிவுக்குழாயின் வாட்டம் அடிக்குக் கால் அங்குலம். 6 அடிக்கு ஒன்றரை அங்குலம் இறங்கும், 8 அடிக்கு 2 அங்குலம் இறங்கும். அதாவது குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு. அதற்கு மேல் இறங்கினால் வென்ட் சேரும் வாய், ட்ராப்பின் வழியும் மட்டத்துக்குக் கீழே போய்விடும்; குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பி, காற்றுக்கு மேற்புற இடுக்கு இல்லாமல், பெட்ரோலை ட்யூப் போட்டு இழுப்பதுபோல ட்ராப்பிலுள்ள தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் வேகமாகப் போகட்டும் என்று அந்தச் சிறு நீளத்தில் வாட்டத்தை அதிகமாக்குவது ஏன் தவறு என்பதற்கும் இதுவே பதில்.

டப்புக்குச் சின்னக் குழாயும் ஷவருக்குப் பெரிய குழாயும் ஏன் என்று பலர் வியக்கிறார்கள். டப்பில்தானே 150, 200 லிட்டர் தண்ணீர் நிற்கிறது? ஆனால் டப் காத்திருக்கும். அது மெதுவாக வடிந்தாலும் தண்ணீர் அதன் சுவருக்குள்ளேயே நிற்கும், நிரம்பினால் ஓவர்ஃப்ளோ வழியாகப் போகும். ஷவருக்குக் கீழே உள்ள தரையால் காத்திருக்க முடியாது. விழுகிற வேகத்திலேயே வடியாவிட்டால் தண்ணீர் வாசற்படியைத் தாண்டிவிடும். டப்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஷவர் அமைப்பவர்கள், பழைய ஒன்றரை அங்குலக் குழாயை அப்படியே விட்டு, நிமிடத்துக்குப் பதினைந்து இருபது லிட்டர் கொட்டும் அகலமான ரெயின் ஷவரை மேலே மாட்டினால் சிக்கல் அங்கேதான் தொடங்கும். டப்புக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. அதன் அடி தட்டையானது. கடைசித் தண்ணீர் சிறுகச் சிறுக வடிவதால், ஓட்டத்தின் வேகத்தில் ட்ராப் காலியானாலும் அந்த வால்நீர் அதை மறுபடி நிரப்பிவிடுகிறது. கிண்ணம் போன்ற வாஷ்பேசினில் அந்த வசதி குறைவு. நம் ஊரில் டப் வைப்பவர்கள் செங்கல் மேடை கட்டி நான்கு பக்கமும் டைல்ஸ் ஒட்டி மூடிவிடுகிறார்கள். ஒரு பக்கமாவது கழற்றக்கூடிய பலகை வைக்காவிட்டால், அடியிலுள்ள ட்ராப்பைப் பார்க்க டப்பையே உடைக்க வேண்டியிருக்கும்.

வென்ட் சரியாக இருந்தும் சீல் போகும் வழிகள் உண்டு. அவற்றில் ஒன்று தலைமுடி. ட்ராப்பின் வழியும் விளிம்பில் ஒரு முடிக்கொத்து, பாதி தண்ணீரிலும் பாதி மறுபக்கத்திலும் தொங்கிக்கொண்டிருந்தால், அது விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை இழுத்து அப்பால் விட்டுவிடும். காலையில் நாற்றம் அடிக்கும், குளித்ததும் போய்விடும், மறுநாள் காலை மறுபடி வரும். இந்த ஒழுங்கில் நாற்றம் வந்துபோனால் ஜாலியைத் தூக்கி முடியைத் தேட வேண்டும். எண்ணெய்க் குளியல் இதற்குத் துணை சேர்க்கிறது. சீயக்காய்த் தூளும் எண்ணெயும் முடியும் சேர்ந்து களிமண் போல இறுகிக்கொள்கின்றன. தீபாவளி அதிகாலை ஒரு அடுக்ககத்தின் எல்லா வீட்டிலும் ஒரே ஒரு மணி நேரத்துக்குள் குளியல் நடப்பது குழாய்க்கு உண்மையான சோதனை. குழாயளவுக் கணக்குகள், எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீர் விடமாட்டார்கள் என்ற நிகழ்தகவை அடிப்படையாகக் கொண்டவை. அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ராய் ஹன்டர் 1940இல் வெளியிட்ட முறைதான் அவற்றுக்கு மூலம். தீபாவளி அவருடைய கணக்கில் இல்லை.

இன்னொரு வழி காய்ந்துபோவது. வாளியில் குளித்துத் தரை முழுவதும் நனைந்த காலத்தில் நம் நஹானி ட்ராப் காய வாய்ப்பே இல்லை. இப்போது கண்ணாடித் தடுப்பு வைத்து ஈரப்பகுதி, உலர்பகுதி என்று பிரிக்கிறோம். உலர்பகுதியிலும் ஒரு தரை ட்ராப் இருக்கும், அதில் வாரக்கணக்கில் ஒரு சொட்டும் விழாது. குளியலறை பளபளப்பாக இருக்கும், நாற்றமும் இருக்கும். இந்தச் சிறு அலட்சியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பு சாட்சி. 2003 மார்ச்சில் சார்ஸ் நோயுடன் வந்த ஒருவர் அங்கே ஒரு வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்திய பிறகு, அந்தக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்கு நோய் பரவியது. குளியலறைத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைப்பதே வழக்கமாக இருந்ததால் பல வீடுகளில் தரை ட்ராப்புகள் வறண்டு கிடந்தன என்றும், கதவை மூடி எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டபோது நிலைக்குழாயிலிருந்து கிருமி கலந்த நுண்துளிகள் அறைக்குள் இழுக்கப்பட்டன என்றும் விசாரணைகள் கண்டன. 50 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றிருந்தால் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனால் அதை இழுத்து உடைக்க முடியாது. தண்ணீரே இல்லாதபோது அதே ஃபேன் சாக்கடையை வீட்டுக்குள் இறைக்கும் பம்பாகிவிடுகிறது.

உங்கள் வீட்டில் இதைச் சோதிப்பது எளிது. குளியலறைக் கதவையும் சன்னலையும் மூடி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, பற்றவைத்த ஊதுபத்தியை ஒவ்வொரு ஜாலிக்கும் மேலே இரண்டு விரற்கடை உயரத்தில் பிடிக்க வேண்டும். சீல் நல்லபடியாக இருந்தால் ஜாலியிலிருந்து காற்று எதுவும் வராது. புகை ஃபேன் பக்கம் சாவதானமாகச் சாயும். ஜாலிக்குள்ளிருந்து எழும் காற்றில் புகை கலைந்து மேலே துள்ளினால் சீல் இல்லை. அப்போது ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி பிடித்துப் பாருங்கள். சரியாகி, சில வாரங்கள் கழித்து மறுபடி வந்தால் காய்கிறது. சரியாகி, சில மணி நேரத்தில் மறுபடி வந்தால் உறிஞ்சப்படுகிறது அல்லது முடி இழுக்கிறது.

எங்கள் வீட்டில் நாற்றம் சில மணி நேரத்திலேயே திரும்பி வந்தது. மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கூலிங் டைல்ஸ் ஒட்டியபோது, துணி காயப்போடும் இடத்தில் நாற்றம் வருகிறது என்ற புகாருக்காக, ஆள் உயரத்துக்கு நின்ற குளியல்நீர் நிலைக்குழாயை முழங்கால் உயரத்தில் அறுத்து மூடி போட்டு ஒட்டியிருந்தார்கள். செய்தவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்தக் குழாய் எதற்கென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்வீடனில் 1970களில் புழக்கத்துக்கு வந்த, உறிஞ்சல் ஏற்பட்டால் மட்டும் திறந்து காற்றை உள்ளே விடும் வால்வு ஒன்றை அங்கே மாட்டலாம் என்று ஒரு பிளம்பர் சொன்னார். அது உறிஞ்சலைத் தீர்க்கும், ஆனால் அடியில் சேரும் அழுத்தம் வெளியேற அதில் வழி கிடையாது. கட்டடத்தின் எல்லா வென்ட்டுக்கும் அதையே மாட்டிவிட்டால் தரைத்தள வீட்டுக்காரர்கள்தான் அனுபவிப்பார்கள். எனவே மூடியை அறுத்தெடுத்து, குழாய்களை இணைக்கும் கப்ளர் போட்டு, பார்ப்பவர் தலைக்கு மேல் போகும்படி குழாயை மறுபடி உயர்த்தி, கொசு வராமலிருக்க வலையிட்ட கவுல் எனும் தொப்பியை மாட்டினோம். கொடிக்கயிறு எதிர்மூலைக்கு மாறியது. செலவு சில நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

புதிதாகக் கட்டுகிறவர்களும் குளியலறையை உடைத்து மாற்றுகிறவர்களும் இதை ஒரே ஒரு கட்டத்தில்தான் சரிபார்க்க முடியும்: குளியலறைக்காகத் தாழ்த்திப் போட்ட சங்கன் ஸ்லாப் பள்ளத்தில் குழாய்களைப் பதித்த பிறகு, அதைச் செங்கல் ஜல்லியால் நிரப்புவதற்கு முன். அந்த நாளில் நேரில் போய், ஒவ்வொரு ட்ராப்பும் மட்டமாக அமர்ந்திருக்கிறதா, அதில் ஊற்றிய தண்ணீர் இரண்டங்குலம் நிற்கிறதா, ட்ராப்பிலிருந்து நிலைக்குழாய்வரை வாட்டம் ஒரே சீராக இருக்கிறதா, நிலைக்குழாய் மொட்டைமாடிவரை தடையின்றிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து நாலாபுறமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். உலர்பகுதிக்கு ட்ராப் வேண்டுமென்றால், வாஷ்பேசினின் வேஸ்ட் குழாயைத் தரைக்கு அடியிலேயே அந்த ட்ராப்பின் பக்கவாய் வழியாக விடச் சொல்லுங்கள். கை கழுவும் ஒவ்வொரு முறையும் அது நிரம்பிக்கொள்ளும்.